சாவிக்கொத்தைப் பிரித்துக் கொடுத்த கதை



இந்த ஞாயிறு வரலாற்றுப் பதிவில் அரசர்களும் இல்லை, போரும் இல்லை. தினமும் நீங்கள் திறந்து பார்க்கும் இமெயிலைப் பற்றி எழுதுகிறேன். கணினித் துறையில் இருக்கும் பிள்ளைகளுக்கு இதில் பாதி தெரிந்திருக்கும். தவறு கண்டால் கமெண்டில் திருத்துங்கள். மற்றவர்கள், முக்கியமாக நம் வீட்டுப் பெரியவர்கள், பயப்பட வேண்டாம். தபாலாபீஸ் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் போதும், இதுவும் புரியும்.

மௌரியர் பாடம் நடத்தினாலும் முகலாயர் பாடம் நடத்தினாலும் நான் வகுப்பில் ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதில்லை. நாடு பெரிதாகும்போது தலைநகரில் இருப்பவர் எதைத் தன் கையில் வைத்துக்கொள்ள வேண்டும், எதைக் கீழே இருப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும்? எல்லாவற்றையும் தானே பிடித்துக்கொண்டால் வேலை நடக்காது. எல்லாவற்றையும் விட்டுவிட்டால் நாடு நிற்காது. இமெயிலின் ஐம்பது ஆண்டு வரலாறும் இந்தக் கேள்விக்குப் பதில் தேடிய கதைதான்.

1971-இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் ரே டாம்லின்சன் என்ற பொறியாளர் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குச் செய்தி அனுப்பிப் பார்த்தார். இரண்டு கணினிகளும் ஒரே அறையில்தான் இருந்தன. ஆனால் செய்தி போனது ஆர்ப்பாநெட் என்ற வலையமைப்பின் வழியாக. முகவரி எழுத 'அட்' குறியைத் தேர்ந்தெடுத்தார். குறிக்கு இடப்பக்கம் ஆளின் பெயர், வலப்பக்கம் அவர் இருக்கும் கணினியின் பெயர். இந்த இரண்டு பாதிகளையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். யார் எதற்குப் பொறுப்பு என்ற வழக்கு முதலில் வலப்பக்கத்தில் வந்தது, பிறகு இடப்பக்கத்தில் வந்தது.

முதலில் வலப்பக்கம். எந்தப் பெயர் எந்தக் கணினியுடையது என்று எங்கேயாவது எழுதி வைக்க வேண்டும் அல்லவா? கலிபோர்னியாவில் மென்லோ பார்க் என்ற ஊரில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் அதற்கென ஓர் அலுவலகம் இருந்தது. அதன் தலைவர் எலிசபெத் ஃபெய்ன்லர் என்ற பெண்மணி. வேதியியல் படித்துவிட்டுத் தகவல் துறைக்கு வந்தவர். ஆர்ப்பாநெட்டில் இருந்த எல்லாக் கணினிகளின் பெயர்ப் பட்டியலும் அவருடைய அலுவலகத்தில் ஒரே கோப்பாக இருந்தது. புதிதாக ஒரு கணினியைச் சேர்க்க வேண்டுமானால் அவர்களுக்குத்தான் எழுதிக் கேட்க வேண்டும். அவர்கள் பட்டியலைத் திருத்துவார்கள். மற்ற எல்லோரும் அந்தக் கோப்பைப் பிரதி எடுத்துத் தங்கள் கணினியில் வைத்துக்கொள்வார்கள்.

மாவட்டத்தில் இருக்கும் எல்லாப் பள்ளிகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு வருகைப் பதிவேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பள்ளியில் ஒரு பையன் சேர்ந்தாலும் மாவட்ட அலுவலகத்துக்கு எழுத வேண்டும். முருகன் என்று ஒருவன் ஏற்கெனவே இருந்தால் அடுத்தவனுக்கு அந்தப் பெயர் கிடையாது. நிலைமை கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. 1981 ஆகஸ்டில் பட்டியலில் 213 கணினிகள். 1983 ஆகஸ்டில் 562. ஃபெய்ன்லர் அலுவலகத்தார் திறமைசாலிகள், நேர்மையானவர்கள். அவர்கள் மேல் யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் எவ்வளவு நல்லவர் கையில் இருந்தாலும் ஒரே பதிவேடு என்பது ஒருநாள் தாங்காது.

தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையம் ஒன்றில் ஜான் போஸ்டல் என்பவர் இருந்தார். இணையத்தின் எண்களையும் விதிகளையும் கணக்கு வைத்துக்கொண்டிருந்தவர். இந்தச் சிக்கலைத் தீர்க்கச் சொல்லி அங்கே பணியாற்றிய பால் மொக்காபெட்ரிஸ் என்ற இளைஞரிடம் கொடுத்தார். 1983 நவம்பரில் மொக்காபெட்ரிஸ் தன் திட்டத்தை வெளியிட்டார். அதுதான் டொமைன் பெயர் முறை, சுருக்கமாக டி.என்.எஸ்.

திட்டத்தின் சாரம் எளிது. உச்சியில் இருப்பவருக்கு எல்லாம் தெரிய வேண்டியதில்லை. கல்வி நிறுவனம் ஒன்றைப் பற்றிக் கேட்டால், "கல்விப் பிரிவைக் கவனிப்பவரிடம் கேள்" என்று கைகாட்டினால் போதும். அவர், "அந்தப் பல்கலைக்கழகத்திடமே கேள்" என்பார். பல்கலைக்கழகம்தான் தன் கணினிகளின் விவரத்தைச் சொல்லும். தன் வளாகத்துக்குள் எந்தப் பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளும். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

நம் நாட்டில் 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்த பின்கோடு முறையை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடு, கேரளா பக்கம். கடைசி மூன்று இலக்கங்கள் கடிதத்தைக் கொடுக்க வேண்டிய தபாலாபீஸைக் காட்டும். டெல்லியில் கடிதங்களைப் பிரிப்பவருக்கு நம் ஊர்த் தெரு தெரிய வேண்டியதில்லை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பின்கோடு மேலிருந்து தரப்படும் எண். டி.என்.எஸ். முறையில் கீழே இருப்பவருக்குப் பெயர் வைக்கும் அதிகாரமே கொடுக்கப்பட்டது.

அதிகாரத்தோடு நிபந்தனையும் வந்தது. 1984 அக்டோபரில் போஸ்டலும் ஜாய்ஸ் ரெனால்ட்ஸ் என்ற பெண்மணியும் சேர்ந்து விதிகளை எழுதினார்கள். டாட் காம், டாட் எடு, டாட் ஆர்க் போன்றவையும், நாடுகளுக்கான இரண்டெழுத்துப் பெயர்களும் அதில்தான் வரையறுக்கப்பட்டன. டொமைன் கேட்பவர் தன் பக்கம் பொறுப்பாளர் யார் என்று சொல்ல வேண்டும் என்பது அதில் ஒரு விதி. பெயர் விவரம் சொல்லும் சர்வர் குறைந்தது இரண்டாவது இருக்க வேண்டும் என்பதும் டி.என்.எஸ். முறையில் நிலைத்த விதி. ஒன்று விழுந்தால் மற்றொன்று பதில் சொல்ல வேண்டும். இந்த 'இரண்டு' என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் உங்களிடம் திரும்பக் கேட்கப் போகிறேன்.

இப்படித்தான் 1989-இல் இந்தியாவுக்கு டாட் இன் வந்தது. 1990-இல் இலங்கையின் டாட் எல்கே மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் ஒருவரின் பொறுப்பில் வந்தது. 2010, 2011 ஆண்டுகளில் தமிழ் எழுத்திலேயே டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர், டாட் இந்தியா ஆகியவையும் வந்தன. அன்றைக்கே பிரித்துக் கொடுத்திருக்காவிட்டால், இதற்கெல்லாம் மென்லோ பார்க் அலுவலகம் தமிழ் படித்திருக்க வேண்டும்!

1994-இல் போஸ்டல் இன்னொரு குறிப்பு எழுதினார். டொமைனை வைத்திருப்பவர் அதன் சொந்தக்காரர் போல நடந்துகொள்ளக் கூடாது, அதைப் பயன்படுத்தும் மக்களுக்காகப் பொறுப்பேற்றிருக்கும் தர்மகர்த்தா போல நடக்க வேண்டும் என்பது அதன் கருத்து. தான் பார்த்து வந்த வேலையையும் ஓர் அமைப்பிடம் ஒப்படைக்கும் முயற்சியில் அவர் இருந்தார். 1998 செப்டம்பர் 30 அன்று ஐகான் என்ற அந்த அமைப்பு பதிவு செய்யப்பட்டது. அக்டோபர் 16 அன்று போஸ்டல் காலமானார். இடையில் இருந்தது இரண்டு வாரம் சொச்சம். வேலையை ஏற்றுக்கொள்ள ஓர் அமைப்பு அதற்குள் உருவாகியிருந்ததால் இணையம் நிற்கவில்லை.

இனி இமெயிலுக்கு வருவோம். ஆரம்பத்தில் எந்தக் கணினியின் பெயர் முகவரியில் இருந்ததோ அந்தக் கணினிதான் கடிதத்தை வாங்க வேண்டும். 1986 ஜனவரியில் கிரேக் பார்ட்ரிட்ஜ் என்பவர் எழுதிய விதி இதை மாற்றியது. 'எம்.எக்ஸ்.' பதிவு என்று அதற்குப் பெயர். "எங்கள் பெயருக்கு வரும் கடிதத்தை இன்ன சர்வரில் கொடுங்கள். அது வேலை செய்யாவிட்டால் அடுத்து இன்னதில் கொடுங்கள்" என்று ஒரு டொமைன் அறிவிக்கலாம். நாம் கவரில் 'கேர் ஆஃப்' போட்டு எழுதுவோமே, அதே ஏற்பாடு. நாள் முழுக்க இணைப்பு வைத்திருக்க முடியாத சின்ன நிறுவனங்களுக்கு இது பெரிய உதவி. அன்றிலிருந்து பெயர் ஒருவருடையது, சர்வர் இன்னொருவருடையது என்று இருப்பது சகஜமாயிற்று. ஒரே சர்வர் பத்து டொமைன்களுக்கும் நூறு டொமைன்களுக்கும் தபாலாபீஸாக இருக்க முடிந்தது.

அங்கேதான் வழக்கு இடப்பக்கத்துக்கு மாறியது.

அந்தக் கால யூனிக்ஸ் கணினிகளில் இமெயில் வேண்டுமானால் அந்தக் கணினியிலேயே உங்களுக்குக் கணக்கு இருக்க வேண்டும். ஒரே சர்வரில் ஒரு பள்ளி, ஒரு மருத்துவமனை, ஒரு கடை என்று மூன்று டொமைன்கள் இருந்தால், மூவருக்குமே 'ஆபீஸ்' என்ற பெயரில் ஒரு பெட்டி வேண்டும். கணினியிலோ அந்தப் பெயரில் ஒரு கணக்குதான் இருக்க முடியும். பழைய பட்டியலின் முருகன் பிரச்சினை மறுபடியும் வந்துவிட்டது பாருங்கள்.

அதைவிடப் பெரிய பிரச்சினை அதிகாரம். யூனிக்ஸில் 'ரூட்' என்று ஒரு கணக்கு உண்டு. அதன் பாஸ்வேர்டு இருப்பவர் எதையும் செய்யலாம், யார் கடிதத்தையும் திறக்கலாம், எல்லாவற்றையும் அழிக்கலாம். பள்ளி அலுவலகத்தில் ஒருவர் தன் பாஸ்வேர்டை மறந்துவிட்டார் என்றால், அதை மாற்றிக் கொடுக்கக்கூட ரூட் வேண்டும். பீரோவிலிருந்து ஒரு சாக்பீஸ் எடுக்கக் கருவூலத்தின் சாவியையே கொடுப்பது போல. 1980 வாக்கில் பஃபலோ நகரில் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாப் காகெஷல், கிளிஃப் ஸ்பென்சர் இருவரும் 'சுடூ' என்ற சிறு நிரலை எழுதினார்கள். இன்னார் இந்த வேலையை மட்டும் ரூட் அதிகாரத்தோடு செய்யலாம் என்று எழுதி வைக்க முடிந்தது. யார் எப்போது என்ன செய்தார் என்பதையும் குறித்துவைக்க முடிந்தது. அது இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது.

எல்லா அதிகாரமும் ஓரிடத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1988 நவம்பர் 2 ஒரு பாடம். ராபர்ட் மாரிஸ் என்ற மாணவர் எழுதிவிட்ட புழு நிரல் இணையத்தில் பரவியது. சுமார் 6,000 கணினிகள் பாதிக்கப்பட்டதாக அப்போது மதிப்பிட்டார்கள். அது உள்ளே நுழைந்த வழிகளில் ஒன்று, பெரும்பாலான யூனிக்ஸ் சர்வர்களில் கடிதப் போக்குவரத்தைக் கவனித்துக்கொண்டிருந்த 'சென்ட்மெயில்'. பெரிய நிரல், ரூட் அதிகாரத்தோடு ஓடுவது. அதன் ஒரு சின்ன ஓட்டை வீட்டையே திறந்துவிட்டது. பத்து ஆண்டு கழித்து, 1998-இல், வீட்ஸே வெனிமா என்ற டச்சு அறிஞர் ஐபிஎம் ஆய்வகத்தில் இருந்தபோது 'போஸ்ட்ஃபிக்ஸ்' வெளிவந்தது. அதில் கடிதம் வாங்குவது ஒரு நிரல், வரிசையில் வைப்பது ஒரு நிரல், பெட்டியில் போடுவது ஒரு நிரல். அந்தந்த வேலைக்குத் தேவையான அதிகாரம் மட்டுமே அதனதன் கையில்.

பெட்டிகளைக் கணினிக் கணக்குகளிலிருந்து பிரித்துத் தனி அட்டவணையில் வைக்கும் முறையும் பரவியது. இப்போது மூன்று டொமைன்களிலும் மூன்று 'ஆபீஸ்' இருக்கலாம். சண்டை இல்லை. அந்த அட்டவணையைத் திருத்த இணையப் பக்கங்கள் வந்தன. போஸ்ட்ஃபிக்ஸ்அட்மின் என்ற இலவச மென்பொருளில் நிர்வாகிகள் இரண்டு படி. தலைமை நிர்வாகி டொமைன்களைச் சேர்ப்பார், ஒவ்வொன்றுக்கும் இத்தனை பெட்டி, இவ்வளவு இடம் என்று எல்லை வைப்பார். டொமைன் நிர்வாகி தன் டொமைனுக்குள் மட்டும் பெட்டி திறப்பார், மூடுவார், பாஸ்வேர்டு மாற்றுவார். பக்கத்து டொமைன் அவர் கண்ணில்கூடப் படாது. பள்ளியின் கடிதப் பெட்டியைப் பள்ளிக்காரரே பார்த்துக்கொள்ள ரூட் எதற்கு?

எல்லை வைத்தாயிற்று. பதில் சொல்பவர் யார்? இதற்கும் 1982-லேயே விதி எழுதிவிட்டார்கள். கடிதம் வாங்கும் ஒவ்வொரு இடத்திலும் 'போஸ்ட்மாஸ்டர்' என்ற முகவரி இருந்தே ஆக வேண்டும். அங்கே யார் வேலை பார்க்கிறார்கள் என்று தெரியாத வெளியாளும் அந்த முகவரிக்கு எழுதலாம். தொல்லை தரும் கடிதங்களைப் பற்றிப் புகார் செய்ய 'அப்யூஸ்' போன்ற முகவரிகள் 1997-இல் வரையறுக்கப்பட்டன. இவை பதவிக்கான முகவரிகள். நாம் "தலைமையாசிரியர் அவர்களுக்கு" என்று விண்ணப்பம் எழுதுவோம். அந்த நாற்காலியில் இன்று யார் இருந்தாலும் அவர் படிப்பார்.

இவ்வளவு நீளமாக இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு.

நம் முன்னாள் மாணவர் சங்கம், கல்வி உதவி அறக்கட்டளை, ஊர் நூலகம், இந்த மூன்றின் டொமைன்களும் ஒரே வாடகைச் சர்வரில் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியாது. பதினோரு வருடமாக உங்களில் ஒருவர்தான் அதைத் தனியாளாகப் பார்த்துக்கொள்கிறார். ஒரு பைசா வாங்கியதில்லை. பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார். அவர் வெளிநாட்டில் இருக்கிறார். அறக்கட்டளைப் பொருளாளர் பாஸ்வேர்டு மறந்தால், அங்கே விடியும்வரை இங்கே காத்திருக்கிறோம். ஜூன் மாதத்தில் கட்டண உதவி கேட்டுப் பிள்ளைகள் எழுதும் கடிதங்கள் அந்தப் பெட்டிக்குத்தான் வருகின்றன. கல்லூரிகள் கட்டணத்துக்குத் தேதி தள்ளிப்போடுவதில்லை.

எனக்குத் தெரிந்த வேறொரு சங்கத்தில் இப்படித்தான் ஒருவரே எல்லாம் பார்த்தார். அருமையான மனிதர். திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். டொமைன் அவர் சொந்தப் பெயரில், அவர் சொந்த அட்டையில் புதுப்பிக்கப்பட்டு வந்தது. வீட்டில் யாருக்கும் விவரம் தெரியாது. சில மாதங்களில் டொமைன் காலாவதியானது. பதினைந்து ஆண்டுக் கடிதங்களும் போயின. துக்கத்தில் இருந்த அந்த அம்மாவிடம் போய் பாஸ்வேர்டு கேட்க யாருக்கு மனம் வரும்?

போன மாதம் நம்மவர் எனக்கு எழுதினார். "சார், நான் விட்டுவிட்டுப் போகவில்லை. ஆனால் தனியாகச் சுமக்கவும் முடியவில்லை" என்று. நாங்கள் இருவரும் இரண்டு மூன்று முறை பேசி ஒரு ஏற்பாடு யோசித்தோம்.

டொமைன் பதிவுகள் அந்தந்த அமைப்பின் பெயருக்கு மாற வேண்டும். புதுப்பிக்கும் தேதி இரண்டு பேருக்காவது தெரிய வேண்டும். சர்வரின் ரூட் அதிகாரம் அவரிடமும் இன்னொருவரிடமும் இருக்கும். மூன்று டொமைன்களுக்கும் தனித்தனி நிர்வாகிகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர். அவரவர் தன் பெயரில் உள்ளே போக வேண்டும், பொதுப் பாஸ்வேர்டு வைத்துக்கொள்ளக் கூடாது. அப்போதுதான் யார் எதைச் செய்தார் என்று பதிவு இருக்கும். போஸ்ட்மாஸ்டர் முகவரிக்கு வருவது மூன்று பேருக்காவது போக வேண்டும். பொறுப்பு விட்டுப் போகிறவரின் அனுமதி அன்றைக்கே நீக்கப்பட வேண்டும். அதில் மனவருத்தம் வேண்டாம். நான் ஓய்வு பெற்ற அன்று ஆய்வகச் சாவியைத் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

பிரித்துக் கொடுப்பதால் எல்லாம் தீர்ந்துவிடாது. மூன்று டொமைன்களின் கடிதங்களும் ஒரே சர்வரிலிருந்து கிளம்புகின்றன. நூலகத்தின் பெட்டி ஒன்றின் பாஸ்வேர்டு திருடு போய், அதிலிருந்து ஆயிரக்கணக்கில் குப்பைக் கடிதம் போனால், வெளியே இருப்பவர்கள் அந்தச் சர்வரையே தடை செய்வார்கள். அறக்கட்டளையின் கடிதமும் சேர்ந்து நிற்கும். அதனால் ஒரு நாளைக்கு இத்தனை கடிதம்தான் என்ற எல்லையைத் தலைமை நிர்வாகி தன் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, பாஸ்வேர்டு மாற்றும் அதிகாரம் இருப்பவர் மனது வைத்தால் பிறர் கடிதத்தைத் திறக்கவும் முடியும். உதவி கேட்டு எழுதும் பிள்ளைகளின் குடும்பக் கஷ்டமெல்லாம் அந்தக் கடிதங்களில் இருக்கிறது. ஆகவே கணினி தெரிந்தவர் என்பதைவிட வாய் அடக்கம் உள்ளவர் என்பது முக்கியம். கணினியை இரண்டு மாலைகளில் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்கிறார் நம்மவர்.

சர்வருக்கு இன்னொருவர், டொமைன்களுக்கு ஆறு பேர், ஆக மொத்தம் ஏழு பேர் வேண்டும். உள்ளூரில் இருப்பவர்கள் பாதிக்குக் குறையாமல் இருந்தால் நல்லது. பெண் பிள்ளைகள் தயங்காமல் வாருங்கள். இணையத்தின் முதல் பதிவேட்டையே ஒரு பெண்மணிதான் பொறுப்பாகக் காத்தார். விருப்பம் உள்ளவர்கள் கமெண்டில் எழுத வேண்டாம், எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். வரும் ஞாயிறு மாலை எல்லோரும் சேர்ந்து பேசுவோம்.

அந்த இரண்டு என்ற எண் ஞாபகம் இருக்கிறதல்லவா? பெயர் சொல்லும் சர்வர் இரண்டாவது இருக்க வேண்டும் என்று இயந்திரங்களுக்கு அவர்கள் விதி எழுதினார்கள். மனிதர்களுக்கு நாம் எழுதிக்கொள்வோம். பதினோரு வருடம் ஒருவர் தோளில் இருந்ததை ஜூன் மாதத்துக்குள் எட்டுப் பேர் தோளுக்கு மாற்றிவிட்டால், இந்த வருடம் விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு நாம் செய்யும் முதல் உதவி அதுதான்.

 வீட்டில் அனைவரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்